ஒட்டிய தலை

சீறல் சித்தியைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. என் சித்தியைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். இரண்டு பேருக்கும் ஒரே முகம் என்பதுதான் அவள் தலையெழுத்து. அதை எழுதியவன் மேலே இருக்கிறான் என்று ஆறுதல் சொல்லவும் வழியில்லை. எழுதியவர் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில், சாய்வு மேசை முன்னால், நிப்புப் பேனாவும் கறுப்பு மையுமாக உட்கார்ந்திருந்தார். என் பெரியப்பா.

உறவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தங்கைகள் மூன்று பேர். மூத்தவள் பெரியம்மா, தினப் பத்திரிகையில் கார்ட்டூன் போடுகிறவரைக் கட்டிக்கொண்டவள். அடுத்தவள் என் அம்மா. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசியே காலத்தை ஓட்டிவிட்டுச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாள். கடைசிப் பிள்ளை சித்தி. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். ஆகவே இதை நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சித்திக்கு மின்கட்டண அலுவலகத்தில் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் அவள். சிடுசிடுப்பானவள்தான், மறைக்கப் போவதில்லை. வரிசையில் இடையில் புகுந்தால் விரலை நீட்டிப் பின்னால் போகச் சொல்வாள். பெரிய அதிகாரி வீட்டு டிரைவர் நேராகக் கையை நீட்டியபோதும் அதே விரல்தான். ஆனால் பார்வை குறைந்தவர்கள் வந்தால் எழுந்து வெளியே வந்து, ரசீதைப் படித்துக் காட்டிவிட்டுப் போவாள். இது மட்டும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

கட்டம் என்றால் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கீழே வரும் மூன்று கட்டம். இறுக்கிப் போட்ட கொண்டை, நீள மூக்கு, அதன் நுனிக்கு இறங்கி வந்துவிட்ட கண்ணாடி. பெரியப்பா அவ்வளவுதான் வரைவார், அது சித்தி ஆகிவிடும். கதை தினமும் ஒன்றேதான். அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் பிடுங்கி எடுக்கும் ஒரு சித்தி. குளியல் சோப்பை இரண்டாக வெட்டிப் பாதியை அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். விருந்தாளி வந்தால் மின்விசிறியை நிறுத்துவாள். பிள்ளைகள் சிரித்தால் என்ன சத்தம் என்று சீறுவாள். ஊரே காலையில் முதல் பக்கத்தை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் படித்தது.

மின்கட்டணம் கட்ட வருகிறவர்கள் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். படத்தைப் பார்ப்பார்கள், ஓட்டைக்குள் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரை முழங்கையால் இடிப்பார்கள். வாய்த்துடுக்கு உள்ளவன் அன்றைக்குக் கட்டத்தில் வந்த வசனத்தையே அவளிடம் சொல்வான். அவள் முறைத்தால், பாருங்கள், அப்படியே படம் மாதிரி என்று சிரிப்பான். முறைக்காமல் இருந்தால் பயந்துவிட்டாள் என்பான். மனுஷி எந்த முகத்தைத்தான் வைத்துக்கொள்வாள்?

வீட்டுக்கு வந்து சித்தி என்னிடம் கேட்பாள், தான் எப்போதாவது சோப்பை வெட்டி ஒளித்து வைத்ததுண்டா என்று. எங்கள் வீட்டில் சோப்பை யாரும் வெட்டினதில்லை. சோப்பு எப்போதும் பாதியாக இருந்தது பெரியம்மா வீட்டுக் குளியலறையில். கண்ணால் பார்த்திருக்கிறேன், கையில் எடுத்துக் குளித்துமிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. படத்தில் இருந்தது சித்தி முகம், அதனால் வெட்டியவளும் சித்தி என்றே ஆகிவிட்டது.

பெரியப்பா வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. அவர் சித்தியின் தலையைத் தினமும் வரையவில்லை. சீறும் தலை, முறைக்கும் தலை, மூக்கைச் சுளிக்கும் தலை என்று சில தலைகளை ஒரே தாளில் வரைந்து, கட்டுக் கட்டாக நகல் எடுத்து வைத்திருந்தார். கட்டத்தில் உடம்பையும் நாற்காலியையும் மட்டும் வரைவார். கழுத்துக்கு மேல் பென்சிலில் ஒரு வட்டம். அந்த வட்டத்தில் பொருத்தமான தலையை வெட்டி ஒட்டுவது பெரியம்மாவின் பொறுப்பு. பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து கதவைத் தட்டுவதற்குள் ஒட்டி முடித்தாக வேண்டும். படத்தைப் புகைப்படம் பிடித்துத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள் என்பதால், ஒட்டின விளிம்பு தாளில் தெரிந்தாலும் பத்திரிகையில் தெரியாது. கார்ட்டூன்காரர்கள் ஆதி காலத்திலிருந்து இப்படித்தான். கோணலாகப் போன மூக்கை வெள்ளை மையால் மறைப்பார்கள். சரியில்லாத ஆளை ஒரு துண்டுத் தாளால் மூடிவிடுவார்கள்.

பெரியம்மா சாப்பாட்டு மேசையில் சித்தியின் தலைகளை ஒரு தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருப்பாள். நான் போனால், இன்றைக்கு எந்தத் தலையை வைக்கலாம் என்று என்னையே கேட்பாள். இப்போது நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஆனால் சித்தி அக்காவை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. புருஷன் சொல்கிறார், பாவம் அவள் ஒட்டுகிறாள் என்பாள். பெரியம்மாவும் அவளைத் தனியே அழைத்துக் கண்ணைத் துடைத்துவிடுவாள். "நான் சண்டை போட்டுப் பாத்துட்டேன்டி, மனுஷன் கேக்க மாட்டேங்கிறாரு. விடு. பேப்பர்தானே, நாளைக்குப் பொட்டலம் மடிக்கப் போயிடும்" என்பாள். மறுநாள் இன்னொரு பேப்பர் வந்துவிடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

சித்திக்கு ஒரு வரன் வந்தது. மீட்டர் கணக்கெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அந்த நீட்டின விரலைப் பார்த்தே பிடித்துப்போய், தானாகக் கேட்டு வந்தவர். அவருடைய அம்மாவும் அக்காவும் பெண் பார்க்கப் பெரியம்மா வீட்டுக்கு வந்தார்கள். பேச்செல்லாம் சுமுகமாகத்தான் போனது. அந்த அக்காக்காரி மட்டும் சித்தியைப் பார்ப்பதும், குனிந்து வாயைப் பொத்திக்கொள்வதுமாக இருந்தாள். கடைசியில் அடக்க முடியாமல், "நீங்கதானே அது?" என்று கேட்டுவிட்டாள். அப்புறம் அவர்களிடமிருந்து தகவலே இல்லை. மீட்டர்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் பெரியப்பாவை நான் மனிதர்கள் கணக்கில் சேர்த்திருப்பேன். அடுத்த வாரம் கட்டத்தில் சீறல் சித்தியைப் பெண் பார்க்க வந்தவன், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து சித்தி அவரோடு பேசவில்லை. அக்காவோடு மட்டும் பேசினாள். அக்கா ஒருத்தி இல்லாவிட்டால் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன் என்று அடிக்கடி சொல்வாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. சித்தி ஓய்வு பெற்றாள். கொண்டை நரைத்து மெலிந்தது. கட்டத்துச் சித்திக்கு மட்டும் ஒரு முடி நரைக்கவில்லை, அதே தலைகளின் நகல்தானே. சித்தி ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள். பெரியப்பாவின் கை என்றைக்காவது ஓய்ந்துதானே ஆக வேண்டும்? அன்றைக்கு அந்த மூன்று கட்டமும் ஓயும். மிச்ச நாளைத் தன் முகத்தோடு தான் மட்டும் இருந்துவிட்டுப் போகலாம்.

பெரியப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பழையவர்களும் புதியவர்களுமாக எங்கள் கார்ட்டூனிஸ்டுகளைக் கொண்டாடுகிறோம், பழைய அச்சு இயந்திரம் இருந்த கூடத்தில் மூலப்படங்களின் கண்காட்சி, மூத்த ஓவியருக்குப் பாராட்டு. அதற்குக் கீழே இன்னொரு வரி. சீறல் சித்தி வரும் திங்கள் முதல் இளம் ஓவியர் கைவண்ணத்தில் தொடர்வாள்.

சித்தி அந்த வரியைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பத்திரிகை ஆசிரியர் அறைக்குப் போனாள். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்காதவள், இதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டாள். ஆசிரியர் நல்ல மரியாதையோடு நாற்காலி போட்டு உட்கார வைத்து, மரியாதையோடே வயிற்றில் அடித்தார். "அது இப்ப உங்க முகம் இல்லம்மா. எங்க பத்திரிகையோட முகம்."

விழா நாளில் மைக்கைப் பிடுங்கியாவது பேசிவிடுவது என்று சித்தி முடிவு செய்தாள். நான் தடுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கிக் கொடுப்பதே நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கூடம் நிறைய ஆட்கள். முதல் சுவர் முழுக்கப் பத்திரிகையின் முதல் கார்ட்டூனிஸ்டுக்கு. எல்லோரும் மீசைக்காரர் என்றே சொல்வார்களாம். ஒரு மந்திரியின் வயிற்றைக் கோணிப்பையாக வரைந்ததற்கு அச்சகத்தைப் பூட்டினார்களாம். மனிதர் அந்தப் பூட்டையும் வரைந்து, பூட்டினவர் முகத்தையும் அதில் வரைந்து, வேறு இடத்தில் அச்சடித்துவிட்டாராம். படங்களைப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. அடுத்த சுவரில் கடைசி வரை மனிதர்களையே வரையாத ஒருவர். எறும்புக் குடும்பம் ஒன்றை வைத்தே ரேஷன், வேலைநிறுத்தம், தேர்தல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பெயர் போடாமலே எந்த எறும்பு எந்தத் தலைவர் என்று தெரிந்தது. மூன்றாவது சுவர் பெரியப்பா. அந்த இரண்டு பேரும் தங்களுக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இவருக்கு எட்டின உயரம் கொழுந்தியாள்தான்.

கோடு நல்ல கோடு. வயிறு எரிந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒரே இழுப்பில் நாற்காலி வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் திறமையை வைத்துக்கொண்டு மனிதர் செய்த வேலை இதுதானா என்று நினைக்கும்போது எரிச்சல் இரட்டிப்பாகிறது.

தொடர்ந்து வரையப்போகும் இளம் ஓவியர் ஒரு பெண். கணினித் திரையில் பேனாவைத் தேய்த்து வரைகிறவள். மூலப்படம் ஒவ்வொன்றின் முன்னாலும் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று, வெள்ளை மை பூசின இடங்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். சித்தியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் பாத்துத்தான் நான் வரையவே ஆரம்பிச்சேன்" என்றாள்.

"என்னைப் பாத்து இல்ல. எப்ப நீ என்னைப் பாத்த?" என்று கையை உருவிக்கொண்டாள் சித்தி.

அந்தப் பெண்ணுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். மூன்றாவது சுவர்ப் பக்கம் திரும்பினாள். திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே நடுவில், தனி விளக்குப் போட்டு, சீறல் சித்தியின் முதல் நாள் மூலப்படத்தை மாட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அந்த விளக்கு அதன் மேலேயே எரிந்துகொண்டிருந்தது. பழைய பசை எத்தனை காலம் தாங்கும்? மூன்றாவது கட்டத்துத் தலை கழன்று கண்ணாடிக்கு உள்ளேயே நழுவி, சட்டத்தின் அடியில் கிடந்தது. கொண்டை, மூக்கு, கண்ணாடி, எல்லாம் மல்லாந்து கிடந்தன. கழுத்துக்கு மேலே பென்சில் வட்டம் இல்லை. அந்த முதல் நாளில் நகல் தலைகள் ஏது? அங்கே மையில் முழுதாக வரைந்த இன்னொரு முகம் இருந்தது. உருண்டை முகம், இரட்டை நாடி, மேலுதட்டில் மச்சம். கையில் பாதி சோப்பு.

சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு சத்தம் உயர்த்தாமல், "அக்கா, இங்க வா" என்றாள்.

பெரியம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அதே உருண்டை முகம், அதே நாடி, அதே மச்சம். படத்தைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஈயாடவில்லை. பழைய குப்பையை எதற்கு மாட்டினார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு, சட்டத்தை மறைத்து நின்றாள். ஆனால் இளம் ஓவியர் விடுவதாயில்லை. புதையல் கிடைத்தவள் மாதிரி ஓடிப்போய், பெரியப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, இரண்டு முகத்தில் எது சார் உங்கள் சித்தி என்று கேட்டாள்.

பெரியப்பா குனிந்து பார்த்தார். பெண்டாட்டி கண்ணைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை. அவருக்குத் தன் கோடு மட்டும்தான் தெரிந்தது.

"நான் முதல்ல வரைஞ்சதுதாம்மா நல்ல படம்" என்றார். "அந்த நாடியைப் பாரு, ஒரே இழுப்பு. இவ ஒத்துக்கலை, ஒரே அழுகை. வாசல்ல ஆபீஸ் ஆளு நிக்கிறான். தங்கச்சி போட்டோவை இவதான் கொண்டாந்து மேசையில வச்சா. அதைப் பாத்து அவசரத்துல ஒரு தலையைப் போட்டு ஒட்டினேன். ஒட்டினது அவ்வளவு சரியா வரலை."

அவசரத்தில் போட்டது. சரியாகவும் வரவில்லை. வாசலில் நின்ற ஒரு ஆளை அனுப்பி வைப்பதற்காகச் செய்த காரியம். அந்த மனிதரை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவரோ கழன்ற தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நாடிக் கோட்டையே ரசித்துக்கொண்டிருந்தார்.

சித்தி அவரைப் பார்க்கவேயில்லை. அக்காவைத்தான் பார்த்தாள். "போட்டோவை நீ எடுத்துக் குடுத்தியா?"

பெரியம்மா முதலில் அழப் பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் நாலு பேரு வந்து போற வீட்டுல இருக்கிறவ. புள்ளைங்களைக் கரையேத்தணும். தெருவுல தலை காட்டணும். நீ தனிக்கட்டை, கண்ணாடிக்கு உள்ள உக்காந்திருக்கிறவ. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அப்ப எனக்கு இருபத்தி நாலு வயசுக்கா" என்றாள் சித்தி. "அப்ப நான் தனிக்கட்டைன்னு உனக்கு யாரு சொன்னா?"

சோப்பும் மின்விசிறியும் பிள்ளைகள் மேல் சீறலும் யார் வீட்டுச் சங்கதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செய்ததெல்லாம் பெரியம்மா. தன் உடம்பின் மேல் தங்கை தலையை வெட்டி வெட்டி ஒட்டியவளும் அவள். ஒட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணையும் துடைத்துவிட்டிருக்கிறாள். பெரியப்பாவாவது தெரிந்தே வெறுக்கக்கூடிய ஆளாக இருந்தார். இவளைச் சித்தி நம்பினாள்.

மேடையில் மைக் தயாராக இருந்தது. நான் சித்தியின் முழங்கையைத் தொட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். இளம் ஓவியரைப் பார்த்து, அதுவரை இல்லாத இதமான குரலில், "சார் சொன்னது காதுல விழுந்துச்சாம்மா? எது நல்ல படம்னு?" என்று கேட்டாள். அந்தப் பெண் வேகமாகத் தலையாட்டினாள். கழன்று கிடந்த தலையைச் சட்டத்தைத் திறந்து எடுத்துத் தரச் சொல்லி, கைப்பையில் போட்டுக்கொண்டாள் சித்தி. இது என்னுடையது என்று மட்டும் சொன்னாள். பாராட்டு ஆரம்பிக்கும் முன்பே நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலை பத்திரிகையை நான்தான் எடுத்து வந்தேன். பிரிக்கவே பயமாக இருந்தது. கடைசிப் பக்கம், கீழே, மூன்று கட்டம். தலைப்பு அதே சீறல் சித்திதான். ஆனால் கொண்டை இல்லை, நீள மூக்கு இல்லை. உருண்டை முகம், இரட்டை நாடி, மேலுதட்டில் நன்றாகத் தெரியும்படி மச்சம். இளம் ஓவியர் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தாள், மூத்த ஓவியர் முதன்முதலில் வரைந்த முகத்துக்கு மரியாதையாக என்று. மரியாதைதான். அந்தப் பெண்ணுக்குக் கள்ளம் கபடம் கிடையாது, நல்ல கோட்டின் மேல் பைத்தியம், அவ்வளவுதான்.

நாங்கள் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரியம்மா. எதிர் வீட்டுக்காரி பேப்பரோடு வாசலில் நின்று சிரிக்கிறாளாம். பேரன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறானாம். பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டதற்கு, அது பத்திரிகையின் முகம் என்று சொல்லிவிட்டாராம். எனக்கே கேட்கும்படி தேம்பினாள். இந்த வயசில் இதை எப்படித் தாங்குவேன், நீதான் போய் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றாள்.

சித்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். மூக்கு நுனிக்கு இறங்கியிருந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"விடுக்கா" என்றாள். "பேப்பர்தானே. நாளைக்குப் பொட்டலம் மடிக்கப் போயிடும்."

போனை வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டாள். மூன்று கட்டத்தையும் விளிம்பு பிசகாமல் வெட்டி என் கையில் கொடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். நான் பசையை எடுத்துக்கொண்டு போனேன்.

"நல்லா அழுத்தி ஒட்டு" என்றாள் சித்தி. "கழண்டு விழுந்துடக் கூடாது."